அக்காவுக்கு வைத்த கண்கள்

அக்காவை அடக்கம் செய்த அடுத்த வாரம் பிராங்க்ளின் கடையைத் திறக்கப் போனான். மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு காலத்தில் பூட்டுப் பட்டறைகள் வரிசையாக இருந்த சந்தில், பழைய ஓட்டுக் கட்டடத்தின் முன்பகுதிதான் கடை. ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே அடைந்து கிடந்த வெக்கையும் ஃப்ளெக்ஸ் மையின் நெடியும் முகத்தில் அடித்தன. ஃபேனைப் போட்டான். அது கிறீச் கிறீச்சென்று முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு எதிர்க்கடையில் டீ சொன்னான். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

திண்டுக்கல்லில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தல்காரருக்கு முன்னால் பிராங்க்ளினுக்குத்தான் போன் வரும். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. செத்தவர் நல்லவரோ கெட்டவரோ, அவன் பேனரில் மேகத்துக்கு நடுவே நின்று புன்னகைப்பார். வயசானவர்கள் பாதிப்பேருக்கு உருப்படியான படமே இருக்காது. அப்போது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சொந்தபந்தம் நின்று எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். "தம்பி, செத்த முழிச்ச மாதிரி பண்ணிக் குடுங்க" என்பார்கள். மூக்கில் வைத்த பஞ்சை எடுப்பான். தாடைக்கட்டை அழிப்பான். கடைசியில் கண். இன்டர்நெட்டில் கிடைக்கிற ஊர் பேர் தெரியாத யாருடைய கண்ணையாவது வெட்டி, மூடிய இமைக்கு மேல் ஒட்டி, நிழலைச் சரிசெய்வான். கடைப் பேச்சில் அதற்குக் கண் வைக்கிறது என்று பெயர். எத்தனையோ பேருக்கு வைத்திருக்கிறான். ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

இப்போது சொந்த அக்காவுக்கே கண் வைக்க வேண்டியதாயிற்று.

அமலராணிக்கு மருந்துக்குக்கூட ஒரு படம் கிடையாது. கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிற பிறவி. கல்யாணம் வேண்டாமென்று தம்பி வீட்டோடு இருந்துவிட்டாள். சர்க்கரை முற்றி, கடைசிச் சில வருஷங்களில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் கைப்பிடித்து உட்காரவைத்து முகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பாள். "இம்புட்டு பேரு இருக்கீக. ஒங்க மூஞ்சியை எல்லாம் ஒருவாட்டி பாத்துட்டாப் போதும்டா. நிம்மதியாப் போயிருவேன்" என்பாள். பார்க்காமலே போய்விட்டாள். அவள் இமையை மூடியவன் பிராங்க்ளின்தான்.

பெட்டியோடு எடுத்த படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். இன்டர்நெட்டில் எடுத்த கண்கள் எதுவுமே சேரவில்லை. ஒன்றை வைத்தால் யாரோ டீச்சர் மாதிரி இருந்தது. இன்னொன்றை வைத்தால் முறைத்தது. எரிச்சலோடு பழைய படங்களைத் துழாவியபோது மகள் இளவேனில் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படம் கண்ணில் பட்டது. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி. பார்க்கிறவர்கள் எல்லாரும், "இது அப்படியே அத்தையை உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள். பிராங்க்ளின் மகளின் கண்களை வெட்டி எடுத்து அக்காவின் முகத்தில் வைத்தான்.

ஒட்டவைக்க வேண்டிய வேலையே இல்லாமல் அவை பொருந்திக்கொண்டன. நிழல் திருத்தவில்லை, நிறம் மாற்றவில்லை. அக்கா அவனைப் பார்த்தாள். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கடையில் யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதான்.

படத்தை முதலில் வால்பேப்பராக வைத்தான். அவன் டெஸ்க்டாப் வாரச்சந்தை மாதிரி இருக்கும். அக்காவின் மூக்கின்மேல் ஒரு ஃபோல்டரும் நெற்றியில் ஒரு காதணி விழா ஃபைலும் வந்து உட்கார்ந்தன. மனசு கேட்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போய் லாக் ஸ்கிரீனில் வைத்தான். லாகின் செய்யும் இடத்திலும் அதுவே தெரியும்படி மாற்றினான். மணி காட்டுகிற எழுத்து நெற்றியில் விழாதபடி படத்தைக் கொஞ்சம் தள்ளியும் வைத்தான். இனி காலையில் பாஸ்வேர்டு போடும் முன் அவள் முகம்தான். அது போதுமென்று இருந்தது.

மத்தியானம் கம்ப்யூட்டரை லாக் செய்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான். பெரிய பேனர் பிரிண்டாகும் நேரத்தில் ஸ்கிரீன் அணையக்கூடாது என்று எப்போதோ மாற்றி வைத்திருந்தான். அதனால் அவன் இல்லாத நேரமெல்லாம் அக்கா முகம் அந்தக் காலிக் கடையில் எரிந்துகொண்டே இருக்கும். அவன் சோற்றில் கை வைக்கும்போது வாசல்படியில் தடாலென்று சத்தம். விளையாடிக்கொண்டிருந்த இளவேனில் முழங்கால் சிராய்த்து விழுந்து கிடந்தாள். லீவு நாளில் பிள்ளைகள் விழத்தான் செய்யும் என்று அவன் மனைவி டெய்சி மஞ்சள் தடவினாள்.

"நான் பாக்காம விழலம்மா. யாரோ பின்னாடி வந்து கண்ணைப் பொத்துனாங்க" என்றாள் பிள்ளை.

"யாருடி?"

"தெரியல. கை சில்லுன்னு இருந்துச்சு."

வாசலில் வேறு யாரும் இல்லை.

அன்று ஒருதடவையோடு அது நிற்கவில்லை. தினமும் வந்தது. தட்டைத் தூக்கும்போது, பல்லாங்குழி ஆடும்போது, திடீரென்று சிலையாக நின்றுவிடுவாள். கண் திறந்தே இருக்கும். முன்னால் கையை ஆட்டினால் இமை அசையாது. பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். லைட் அடித்துப் பார்த்த டாக்டர், "கண்ணுல ஒரு கோளாறும் இல்லையே. லீவு முடியப்போகுதுல்ல? ஸ்கூலுக்குப் போகப் பயமா பாப்பா?" என்று சிரித்தார். டெய்சிக்குக் கோபம் வந்தது. பிராங்க்ளினுக்குப் பயம் வந்தது. அக்காவின் கண்ணும் இப்படித்தான் விட்டுவிட்டு மங்கியது, பிறகு ஒரேயடியாகப் போனது.

அவன் வேலையில் மனம் நிலைக்காமல் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். அலைகிற நேரத்தில் பிள்ளைக்கு இன்னும் அதிகமாக இருட்டியது. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே டெய்சிதான் சொன்னாள்.

"ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க வீட்டுக்கு வந்து உக்காந்தாலே இவளுக்கு இருட்டிருது. கடைக்குப் போன செத்த நேரத்துல சரியாயிருது."

"என்னடி, நான் என்ன பேயா?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அதற்கு முந்தைய நாள்தான் காதணி விழா பேனர் வாங்க வந்த கருப்பணன் கடையில் உட்கார்ந்திருந்தார். லாக் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்தப் பக்கம் நகர்த்தினார். "தம்பி, இது ஒங்க அக்காவா? நான் எங்கிட்டு உக்காந்தாலும் என்னையவே பாக்குது" என்றார். நேராகப் பார்க்கிற படம் எல்லாமே அப்படித்தான் தெரியும் என்று பிராங்க்ளின் விளக்கம் கொடுத்து அனுப்பினான். விளக்கம் சரியானதுதான்.

தட்டில் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கடைக்கு ஓடினான். மத்தியான வெயிலில் சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தான். உள்ளே மையின் நெடி இல்லை. ஈரமண்ணின் வாசம், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியபோது வந்த அதே வாசம்.

ஸ்கிரீனில் அக்கா இருந்தாள். நேராகப் பார்க்கவில்லை.

ஷட்டர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நுழைந்த பக்கம்.

பிராங்க்ளின் சுவரோரமாக மெல்ல நகர்ந்தான்.

கண்களும் நகர்ந்தன.

ஒரு கீயைத் தட்டினான். பாஸ்வேர்டுப் பெட்டி வந்தது. அந்தச் சமயத்தில் பின்னாலிருக்கும் படம் மங்கிப்போவது வழக்கம். படமும் மங்கியது. முடி மங்கியது, மூக்கு மங்கியது, மேகம் கரைந்தது. கண்கள் மட்டும் மங்கவில்லை. கலங்கிய அந்த நிறத்துக்கு நடுவில் இரண்டும் ஈரமாக மின்னின.

பிறகு ஒருமுறை இமைத்தன.

அவன் வீட்டுக்குப் போன் போட்டான். "டெய்சி, பாப்பா பக்கத்துல இருக்காளா? நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இப்ப அவளுக்குக் கண்ணு தெரியுதா?"

"இல்லைங்க. நீங்க சாப்பிட வந்ததுலேந்து இருட்டுங்குறா. அழுதுக்கிட்டு இருக்கா."

பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனான். அக்கா மறைந்தாள். டெஸ்க்டாப் வந்தது.

"இப்ப?"

"இருங்க... தெரியுதாம். தெரியுதாங்க!"

மறுபடி லாக் செய்தான். அக்கா வந்தாள். போனில் பிள்ளை வீறிட்டது காதில் விழுந்தது. மறுபடி திறந்தான். அழுகை அடங்கியது. மூன்றாம் தடவை செய்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

ஊருக்கெல்லாம் கண் வைத்தவன் தன் பிள்ளையின் கண்ணைப் பிடுங்கிச் செத்தவளுக்குக் கொடுத்துவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். லாக் ஸ்கிரீனில் கம்ப்யூட்டரோடு வந்த ஏதோ ஒரு மலைப்படத்தை வைத்தான். முன்பு வைத்த படங்களின் வரிசையில் அவள் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தும் எடுத்தான். ஃபோல்டரில் இருந்ததை அழித்தான், குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். தன் போனில் இருந்ததையும் நீக்கினான். "மன்னிச்சிருக்கா. அது சின்னப் புள்ள. அதுக்கு இன்னும் எவ்வளவோ பாக்க வேண்டியது கெடக்கு" என்று ஸ்கிரீனைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னான். ஃபேன் மட்டும் முனகியது.

வீட்டுக்கு வந்தபோது இளவேனில் தரையில் குப்புறப் படுத்து கலர் பென்சிலால் மயில் வரைந்துகொண்டிருந்தாள். பச்சையையும் நீலத்தையும் சரியாக எடுத்தாள். அவளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு டெய்சியிடம் நடந்ததைச் சொன்னான். டெய்சி நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் காப்பி போட்டுக் கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்குக் காப்பியின் ருசி தெரிந்தது.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பிள்ளை கேட்டாள்.

"அப்பா, லைட்டை ஏன் அமத்துன?"

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ம், வந்துருச்சு" என்றாள். பென்சிலை எடுத்தாள். "மறுபடி போச்சு." பென்சிலைக் கீழே வைத்தாள். "வந்துருச்சு. போச்சு. அப்பா, வேற வேற கையா இருக்கு. ஆனா எல்லாக் கையும் சில்லுன்னு இருக்கு."

"நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனேடி!" என்று பிராங்க்ளின் கத்தினான்.

டெய்சியின் முகம் வெளுத்துப்போனது. "ஏங்க... நீங்க அன்னைக்கு எனக்கு அந்தப் படத்தை அனுப்புனீங்கல்ல? நேத்து ராத்திரிதான் நான் அதைக் குடும்ப குரூப்புல போட்டேன். மதினி உயிரோட இருக்கிற மாதிரியே இருக்குன்னு எல்லாரும் அழுதாங்க. ஒட்டன்சத்திரத்து மாமா போன்ல லாக் ஸ்கிரீனா வச்சாரு. அதைப் பாத்துட்டு சித்தையன்கோட்டையில வச்சாங்க. முப்பதாம் நாள் பூசை முடியிற வரைக்கும் நம்ம ஆளுக எல்லாருமே வச்சிருக்கணும்னு பேசிக்கிட்டாங்க..."

ஒவ்வொருவரும் போனை எடுக்கும்போது. மணி பார்க்க, மெசேஜ் பார்க்க, சும்மா கை அரிப்புக்கு எடுக்கும்போது. எங்கோ ஒரு சட்டைப்பையில் ஸ்கிரீன் எரிய, இங்கே பிள்ளைக்கு இருட்டியது. இரண்டு மாவட்டத்துக்குச் சொந்தம் பரந்து கிடந்தது.

பிராங்க்ளின் தன் போனை எடுத்து, அலைச்சலில் பார்க்காமலே விட்டிருந்த அந்தக் குரூப்பில் தட்டினான். 'அக்கா படத்தை எல்லாரும் உடனே அழிங்க. லாக் ஸ்கிரீன்ல இருந்து எடுங்க. என் புள்ளை உசுரு போற காரியம். காரணம் அப்புறம் சொல்றேன்.' அனுப்பினான்.

அனுப்பிய பிறகுதான் தான் செய்தது உறைத்தது.

மெசேஜ் வந்த சத்தம் கேட்டு எல்லாரும் போனை எடுத்தார்கள்.

இளவேனில் கத்தவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்து, விரல்களைப் பிரிப்பதுபோல, யாருடைய விரல்களையோ ஒவ்வொன்றாக நிமிண்டி எடுப்பதுபோலப் போராடினாள். முடியவில்லை. "அப்பா, இறுக்கமாப் பொத்துறாங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "வலிக்குதுப்பா."

டெய்சி அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். பிராங்க்ளின் ஒவ்வொருவராகப் போன் போட்டான். ஒட்டன்சத்திரம் மண்டியில் இருந்த அருள்நாதன் மாமா, லாரிச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"என்ன மாப்ள நீயி? செத்தவ படத்தை அழிக்கச் சொல்லுற? காலையிலகூட என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. சிரிச்ச மாதிரி இருந்துச்சுய்யா."

"அழிங்க மாமா. ஒங்க கால்ல விழுறேன். அது என் புள்ள கண்ணு."

அவன் குரலில் இருந்தது மாமாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுபேச்சுப் பேசாமல் அழித்தார். சித்தையன்கோட்டையில் ஒப்பாரி வைத்துக்கொண்டே அழித்தார்கள். மதுரையில் இருந்த சித்தப்பா மகனுக்கு லாக் ஸ்கிரீனை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று பிராங்க்ளின் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தான். குரூப்பில் 'அழிச்சாச்சு', 'எடுத்தாச்சு' என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பிள்ளையின் கண்மேல் இருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மூச்சு சீராயிற்று.

கடைசியாக மிஞ்சியது டெய்சியின் போன். அவளே மறந்துபோயிருந்தாள். பட்டனை அழுத்தியதும் அமலராணி வந்தாள். இவ்வளவு பக்கத்தில் அவளை அவன் பார்த்ததில்லை. கண்கள் அவனைப் பார்த்தன, அவனைத் தாண்டி டெய்சியைப் பார்த்தன, சுவரைப் பார்த்தன, அலமாரியைப் பார்த்தன. போகிற வீட்டைக் கடைசியாக ஒருதடவை சுற்றிப் பார்க்கிற ஆளுடைய அவசரம் அவற்றில் இருந்தது. பிராங்க்ளினுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் அழித்தான்.

வீடு அமைதியாக இருந்தது.

இளவேனில் தாயின் மடியிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கண்களைத் திறந்தாள்.

நேராக அவனைப் பார்த்தாள்.

"பாக்குறா!" என்று டெய்சி கூவினாள். "ஏங்க, ஒங்களைத்தான் பாக்குறா! மாதாவே!"

பிராங்க்ளின் இடப்பக்கம் நகர்ந்தான். கண்கள் கூடவே வந்தன. வலப்பக்கம் நகர்ந்தான். வந்தன. அவன் முகம் முழுக்க அவை நிதானமாகச் சுற்றின. நரைத்த கிருதாவில் நின்றன, மழிக்காத தாடியில் நின்றன, நெற்றிச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தன. பிறகு டெய்சியின் முகத்துக்குப் போய் அங்கேயும் அப்படியே மேய்ந்தன. மெல்ல நீர் கோத்துக்கொண்டது. அந்தக் கண்களில் அவ்வளவு ஆசை இருந்தது.

அவன் சிரித்தபடி முட்டிபோட்டு மகளின் கன்னத்தை ஏந்தினான். "பாப்பா, அப்பா தெரியுறேனா?"

கண்கள் அவன் முகத்தை விட்டு இமைக்காமல் இருக்க, குழந்தையின் உதடுகள் நடுங்கின. இரண்டு சின்னக் கைகளும் காற்றில் அவனைத் தேடித் துழாவின.

"அப்பா, எங்க இருக்க?" என்றாள் இளவேனில். "எல்லாரும் அழிச்சிட்டாங்களா? எனக்கு இன்னும் இருட்டாத்தான் இருக்கு."